பெருந்தமனிப் புடைப்பும் ரத்தத்தில் தெரியும் அழற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்கள் அனுப்பும் நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்து, பரிசோதித்து, அறிக்கை தரும் லேபில் வேலை செய்கிறேன். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டோ, மறுநாள் அறிக்கை வாங்க வந்து ஜன்னலருகே நின்றோ மக்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பெரியவர் ஐந்து மாதத்து சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, கடைசி எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொண்டுவந்தார். அதே கவருக்குள் அவருடைய ஸ்கேன் அறிக்கை நாலாய் மடிந்து கிடந்தது. அதில் பெருந்தமனிப் புடைப்பின் அகலம் 4.6 செ.மீ. என்றிருந்தது, எடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் இதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அறிக்கையில் இருப்பது என்ன என்று புரிந்துகொண்டு அவரிடம் போக இது உதவும்.

“ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னார். வீக்கம்னா மாத்திரை போட்டா வத்திடாதா அக்கா?”

‘வீக்கம்’ என்ற சொல்தான் இங்கே குழப்புகிறது. கால் பிசகி வீங்கினால் நாலு நாளில் வற்றிவிடும். அனியூரிசம் அப்படி இல்லை. இதயத்திலிருந்து கிளம்பி நெஞ்சு, வயிறு வழியாக இறங்கும் பெருந்தமனியின் சுவர் ஓரிடத்தில் பலமிழந்து, உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தம் தாங்காமல் வெளியே தள்ளி நிற்பதுதான் அது. பழைய சைக்கிள் டியூபில் நைந்த இடம் மட்டும் காற்றடிக்கும்போது உப்பி நிற்குமே, அதுபோல. உப்பிய இடம் மாத்திரையில் சுருங்காது. அதனால் இந்தப் பக்கம் முழுக்க அனியூரிசத்தைப் ‘புடைப்பு’ என்றும், காயத்துக்கோ கிருமிக்கோ உடல் காட்டும் எதிர்வினையை ‘அழற்சி’ என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் அகலம் சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். 3 செ.மீ. எட்டினால் புடைப்பு என்பார்கள். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 செ.மீ. வரும்போது சரிசெய்வது பற்றிப் பேச்செடுப்பார்கள்.

“சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ரெண்டுக்கும் எழுதியிருக்காங்க. ரெண்டும் ஒண்ணா?”

ஒன்றல்ல. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் உண்டாக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் இன்டர்லூக்கின்-6 (ஐ.எல்-6) என்ற தூதுப்பொருள் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குச் சேதி சொல்லும்; சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கும். காரணம் நீங்கிவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஏறுவதும் வேகம், இறங்குவதும் வேகம்.

இ.எஸ்.ஆர். பழைய பரிசோதனை. உறையாமலிருக்க மருந்து கலந்த ரத்தத்தை மெல்லிய நீளமான குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுவோம். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்க, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். எத்தனை மில்லிமீட்டர் தெளிந்ததோ அதுதான் எண். அழற்சியில் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடும்போது சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு விரைவாக இறங்கும். ரத்தசோகையிலும் எண் கூடும், வயதோடும் கூடும். ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது நாங்கள் மனத்தில் வைத்திருக்கும் தோராய வரம்பு. 70 வயதுக்காரருக்கு 30 வந்ததென்று பதற வேண்டியதில்லை.

“அப்பாவுக்குப் புடைப்பு 4 செ.மீ. இப்போ சி.ஆர்.பி. 14-ன்னு வந்திருக்கு. வெடிக்கப் போகுதா?”

முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். சில லேபில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருவார்கள், சில லேபில் டெசிலிட்டருக்கு. ஓரிடத்தில் 14 என்று வருவதும் இன்னோரிடத்தில் 1.4 என்று வருவதும் ஒரே அளவுதான். போன மாதம் 1.4, இந்த மாதம் 14, பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அழுதுகொண்டு வந்த மகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு லேப், இரண்டு அலகு, அவ்வளவுதான் வித்தியாசம்.

லிட்டருக்கு 14 மி.கி. என்றால் உடம்பில் எங்கோ அழற்சி இருக்கிறது. ஈறு சீழ், சிறுநீர்த் தொற்று, மூட்டு வலி, நேற்றைய சளிக்காய்ச்சல், சிகரெட் என்று எதுவாகவும் இருக்கலாம். எங்கே என்று இந்த எண் சொல்லாது. புடைப்பு உள்ளவர்களை ஒரு கூட்டமாகவும் இல்லாதவர்களை ஒரு கூட்டமாகவும் வைத்து அளந்தால், புடைப்பு உள்ளவர்களின் சராசரி சற்று அதிகமாக இருப்பது உண்மை. ஆனால் தனியொருவரின் எண்ணை வைத்து அவருடைய புடைப்பு எவ்வளவு வேகமாக வளரும், எப்போது வெடிக்கும் என்று கணிக்க முடிந்ததில்லை. அதற்கு ஸ்கேனில் வரும் செ.மீ.தான் இன்றைக்கும் முதல் ஆதாரம்.

“சி.ஆர்.பி. நார்மல். அப்போ ஸ்கேனை அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?”

கூடாது. பெரிய புடைப்பு இருந்தும் சி.ஆர்.பி. துளியும் ஏறாதவர்கள் ஏராளம். புடைப்பு சராசரியாக ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. வளரும், சிலருக்குப் பல மாதம் அசையாமல் இருந்துவிட்டுத் திடீரென வளரும். அமெரிக்க ரத்தக்குழாய் மருத்துவர்களின் 2018 வழிகாட்டுதல்படி, 3 முதல் 3.9 செ.மீ. வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, 4 முதல் 4.9 வரை ஆண்டுதோறும், 5 முதல் 5.4 வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். உங்கள் மருத்துவர் இதைவிட நெருக்கமாகவும் வைக்கலாம். சிவப்பு வட்டம் போட்டு வந்த பெரியவருக்கு சி.ஆர்.பி. ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு அவசியமாக இருந்தது விட்டுப்போன அந்த ஒரு ஸ்கேன்.

“குழாய்ச் சுவத்துல எப்படி அழற்சி வருது? அங்க என்ன கிருமியா இருக்கு?”

பெரும்பாலோருக்குக் கிருமி கிடையாது. கிருமியால் வருவது தனி வகை, கீழே வருகிறது. பெருந்தமனியின் சுவருக்கு இழுபட்டுத் திரும்பும் குணத்தைத் தருவது எலாஸ்டின் என்ற நார், உறுதி தருவது கொலாஜன். எலாஸ்டினை உடல் பெரும்பாலும் பிறப்புக்கு முன்னும் சிறுவயதிலும்தான் நெய்கிறது. அறுபது வயதில் அறுந்த இழைக்குப் புதிய இழை வராது. அதிலும் சிறுநீரகங்களுக்குக் கீழே உள்ள பகுதியில் எலாஸ்டின் அடுக்குகள் மேலே நெஞ்சுப் பகுதியில் இருப்பதைவிடக் குறைவு. வயிற்றுப் புடைப்புகளில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் வருகின்றன.

புகையிலை நஞ்சு, உயர் ரத்த அழுத்தம், வயது, பரம்பரை எல்லாம் சேர்ந்து சுவரைக் காயப்படுத்தும்போது மேக்ரோஃபேஜ், லிம்ஃபோசைட் போன்ற வெள்ளணுக்கள் சுவருக்குள் குடியேறுகின்றன. எம்.எம்.பி-9, எம்.எம்.பி-12 போன்ற நொதிகள் அங்கே சுரந்து எலாஸ்டினைக் கரைக்கின்றன. கரைந்த எலாஸ்டின் துணுக்குகளே இன்னும் பல வெள்ளணுக்களை இழுக்கின்றன. சுவரைத் தாங்கும் மென்தசைச் செல்களும் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இதற்கிடையே புடைத்த இடத்தில் ரத்தம் சுழன்று தேங்கி, உட்புறம் அடுக்கடுக்காக ரத்தக்கட்டி படியும். அந்தக் கட்டிக்குள் சிக்கிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களும் நொதிகளைக் கக்கும். கட்டி தடித்த இடத்தில் சுவருக்கு ஆக்சிஜன் எட்டுவதும் குறையும்.

இத்தனையும் நடப்பது சில சென்டிமீட்டர் சுவருக்குள். அங்கிருந்து ரத்தத்தில் வந்து கலப்பது அதில் ஒரு சிறு பங்குதான். உள்ளே பெரிய சேதம் நடந்தும் கையில் எடுத்த ரத்தம் அமைதியாக இருப்பது இதனால்தான்.

“எதுக்கு இந்த ஸ்கேன் எல்லாம்? ரத்தத்துலயே கண்டுபிடிக்கிற டெஸ்ட் ஒண்ணும் இல்லையா?”

இதுவரை இல்லை. வலியில்லாத, ஊசியில்லாத, கதிர்வீச்சில்லாத வயிற்று அல்ட்ராசவுண்டே போதும். ஜெல் தடவிப் பத்து நிமிடத்தில் அளந்துவிடுவார்கள். இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை அழைத்து ஒருமுறை ஸ்கேன் செய்கிறார்கள். அமெரிக்காவில் 65 முதல் 75 வயதுக்குள், எப்போதாவது புகைபிடித்த ஆண்களுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் அப்படி அழைக்கும் திட்டம் கிடையாது. நாமே கேட்டுத்தான் எடுக்க வேண்டும். உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ புடைப்பு இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

“மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்ல ஐ.எல்-6, எம்.எம்.பி-9 எல்லாம் சேத்துக்கலாமான்னு கேக்கறாங்க. எடுக்கட்டுமா?”

புடைப்புக்காக என்றால் வேண்டாம். ஆராய்ச்சிக்கு இவை முக்கியம். உதாரணமாக, இன்டர்லூக்கின்-6 போய் ஒட்டும் ஏற்பியில் பிறவியிலேயே ஒரு சிறு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வயிற்றுப் புடைப்பு வரும் வாய்ப்பு குறைவு என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது. அழற்சி வெறும் சாட்சி அல்ல, காரணத்திலும் அதற்குப் பங்குண்டு என்று நம்ப அது வலுவான சான்று. ஆனால் உங்கள் அளவு இவ்வளவு என்று தெரிந்தால் மருத்துவர் எதை மாற்றுவார்? இன்றைக்கு எதையும் மாற்ற மாட்டார். அந்தப் பணத்தில் அல்ட்ராசவுண்ட் எடுத்துவிடலாம்.

“டி-டைமர் ஏகத்துக்கும் ஏறியிருக்கு. ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிடுச்சா?”

அவசியமில்லை. டி-டைமர் என்பது உறைந்த ரத்தம் கரையும்போது உதிரும் துணுக்கு. புடைப்புக்குள் கட்டி படிகிறது என்று மேலே சொன்னேன். அது ஒரு பக்கம் படிந்துகொண்டும் மறுபக்கம் கரைந்துகொண்டும் இருப்பதால் புடைப்பு உள்ள பலருக்கு டி-டைமர் கூடுதலாகவே இருக்கும். அழற்சிக் குறிகளைவிட இதற்குப் புடைப்பின் அளவோடு உறவு தெளிவாகத் தெரிகிறது. மூச்சுத் திணறலோ ஒரு கால் மட்டும் வீங்குவதோ சேர்ந்திருந்தால்தான் நுரையீரல் பற்றி யோசிப்பார்கள்.

திடீர் நெஞ்சு வலியோடு வருபவருக்குப் பெருந்தமனிச் சுவர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கும்போது இதற்கு வேறு பயன் உண்டு. மருத்துவரின் கணிப்பிலும் ஆபத்து குறைவாக இருந்து, டி-டைமரும் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் கிழிசல் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏற்கெனவே புடைப்பு உள்ளவருக்கு எண் எப்போதும் அதிகமாக இருக்கலாம் என்பதால், அவருக்கு நேராக சி.டி. ஸ்கேன்தான்.

“அழற்சிதான் சுவத்தை அரிக்குதுன்னா அதை அடக்குற மருந்து குடுத்தா தீந்துது இல்ல?”

எல்லோரும் நம்பியது இதைத்தான். டாக்ஸிசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்குக் கிருமியைக் கொல்வதோடு எம்.எம்.பி. நொதிகளை அடக்கும் குணமும் உண்டு. எலிகளில் புடைப்பின் வளர்ச்சி குறைந்தது. நெதர்லாந்தில் சிறு புடைப்பு உள்ளவர்களுக்கு நாளுக்கு 100 மி.கி. வீதம் 18 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தபோது மருந்து எடுத்தவர்களுக்குப் புடைப்பு சற்று அதிகமாகவே வளர்ந்திருந்தது. அமெரிக்காவில் அளவை இரட்டிப்பாக்கி இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 2020-ல் வெளியான அந்த முடிவிலும் பலன் இல்லை. அத்தனை பேர் நம்பிக்கையோடு விழுங்கிய மாத்திரைகள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் அந்தச் சோதனைக்கு ஒத்துக்கொண்டதால்தான் இன்று நம் ஊரில் யாருக்கும் வீணாக அதை எழுதித் தருவதில்லை.

கொழுப்புக்குத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை சி.ஆர்.பி.யையும் குறைக்கும். அதை எழுதித் தருவது புடைப்பைச் சுருக்க அல்ல, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க. புடைப்பு உள்ளவர்களுக்கு அந்த ஆபத்தும் அதிகம் என்பதால் நிறுத்திவிடாதீர்கள். புடைப்பின் வளர்ச்சியைக் குறைப்பது என்று கைகாட்டத்தக்க ஒன்று சிகரெட், பீடியை விடுவது. புகைப்பவர்களுக்குப் புடைப்பு வேகமாக வளரும், வெடிக்கும் ஆபத்தும் அதிகம். மஞ்சள் பற்றியும் கேட்கிறீர்கள். குழம்பில் போடுவதைத் தாராளமாகப் போடுங்கள். மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் கேப்சூல் மனிதர்களிடம் புடைப்பை நிறுத்தியதாக நிரூபணம் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

“ஐன்ஸ்டைனுக்கும் இதே நோய்தானாமே? அவருக்கு என்ன பண்ணாங்க?”

ஆமாம், வயிற்றுப் பெருந்தமனியில்தான். 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை நிபுணர் வயிற்றைத் திறந்தார். செயற்கைக் குழாய் வைக்கும் முறை அன்று கிடையாது. புடைப்பைச் சுற்றி செலோஃபேன் தாளைப் போர்த்தித் தைத்தார். அந்நியப் பொருளைக் கண்டு உடல் அழற்சி காட்டும், அழற்சி ஆறும்போது தழும்புத் திசு தடிக்கும், அது சுவருக்கு வெளியே ஒரு பட்டையாக நிற்கும் என்பது கணக்கு. புடைப்பை வளர்க்கும் அதே அழற்சியை வெளிப்பக்கத்தில் காவலுக்கு நிறுத்தியதுபோல! ஐன்ஸ்டைன் ஆறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். புடைப்பு வெடித்தபோது மறு அறுவையை வேண்டாமென்று மறுத்து, 1955 ஏப்ரல் 18-ல் பிரின்ஸ்டனில் காலமானார்.

“மாமா ரிப்போர்ட்ல ‘இன்ஃப்ளமேட்டரி அனியூரிசம்’னு இருக்கு. நீங்க சொன்ன மாதிரி எல்லாமே அழற்சிதானே?”

நல்ல கேள்வி. எல்லாப் புடைப்பிலும் நுண்ணளவில் அழற்சி உண்டு, ஆனால் இந்தப் பெயர் ஒரு தனி வகைக்கு. வயிற்றுப் புடைப்புகளில் நூற்றுக்கு 5 முதல் 10 வரை இந்த வகை. சுவர் தடித்து, வெள்ளையாகப் பளபளத்து, சுற்றிலும் நார்த்திசு படர்ந்து, சிறுகுடலின் தொடக்கமும் சிறுநீர்க்குழாய்களும் அதில் ஒட்டிக்கொள்ளும். வயிற்று வலி அல்லது முதுகு வலி, எடை குறைவு, இ.எஸ்.ஆர். உயர்வு மூன்றும் சேர்ந்து வந்தால் மருத்துவர் இதைத் தேடுவார். ரத்த அறிக்கை உண்மையிலேயே துப்புக் கொடுக்கும் இடம் இது.

கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்ப்பார்கள், ஏனென்றால் சிறுநீர்க்குழாய் நெருக்குண்டால் சிறுநீரகம் ஓசையில்லாமல் கெடும். சிலருக்கு ஐஜிஜி-4 என்ற எதிர்ப்புரதம் தொடர்பான நோய் அடியில் இருக்கும். அதற்கும் ரத்தம் எடுப்போம். சுற்றியுள்ள அழற்சிக்கு ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. அந்த மருந்து ஓடும்போது சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். இறங்குகிறதா என்று தொடர்ந்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

“தங்கச்சிக்கு 27 வயசு. தக்கயாசுன்னு சொல்றாங்க. ரத்தம் நார்மல்னா நோய் அடங்கிடுச்சுன்னு அர்த்தமா?”

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. 1908-ல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கிடோ தக்கயாசு விவரித்த இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்குகிறது. ஆசியாவில், இந்தியா உட்பட, இளம்பெண்களிடம் அதிகம் பார்க்கிறோம். ஒரு கையில் நாடி கிடைக்காமல் போகும், இரண்டு கைக்கும் ரத்த அழுத்தம் வேறுபடும், சிலருக்குக் குழாய் சுருங்கும், சிலருக்குப் புடைக்கும். சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். சீராக இருக்கும்போதே குழாய்ச் சுவரில் நோய் முன்னேறுவது இதில் தெரிந்த விஷயம். அதனால் ஸ்கேனும் சேர்ந்தே போக வேண்டும்.

இந்த நோய்க்கு டோசிலிசுமாப் ஊசி போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த மருந்து இன்டர்லூக்கின்-6-இன் ஏற்பியை அடைத்துவிடும். கல்லீரலுக்குச் சேதி போகும் வழி அதுதான் என்று இரண்டாம் பதிலில் பார்த்தோம். சேதியே போகாதபோது சி.ஆர்.பி. தரைமட்டத்தில்தான் இருக்கும், நோய் ஓடினாலும் சரி, கிருமித் தொற்று வந்தாலும் சரி. எந்த லேபுக்குப் போனாலும், காய்ச்சலுக்கு எந்த மருத்துவரைப் பார்த்தாலும் இந்த ஊசி போடுவதை முதலில் சொல்லுங்கள்.

“காய்ச்சல், முதுகு வலி, சி.ஆர்.பி. 180. ஸ்கேன்ல மைக்காட்டிக்னு போட்டிருக்கு. பூஞ்சைக் காளானா?”

பெயர் அப்படி, காரணம் பெரும்பாலும் பாக்டீரியா. 1885-ல் வில்லியம் ஆஸ்லர் தோற்றத்தை வைத்து இட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. டைஃபாய்டு கிருமியின் இனமான சால்மோனெல்லாவும் ஸ்டாஃபிலோகாக்கஸும் இதில் அடிக்கடி சிக்குபவை. சி.ஆர்.பி. நூறைத் தாண்டுவதும், புடைப்பு ஒருபக்கமாகப் பை போலத் துருத்துவதும், சில வாரத்திலேயே பெருப்பதும் இதன் அடையாளம். இந்த வகைக்கு செ.மீ. கணக்குப் பார்த்துக் காத்திருப்பதில்லை.

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்த கல்ச்சர் எடுத்துவிட வேண்டும். ஒரு மாத்திரை உள்ளே போனாலும் கிருமி வளராமல் போகலாம். ‘நேத்து கடையில வாங்கிப் போட்டேன்’ என்று சொல்லும்போது எங்கள் கை தளர்ந்துவிடும். மறைக்காமல் சொல்லுங்கள், எந்த மாத்திரை என்று அட்டையையும் காட்டுங்கள்.

“சி.ஆர்.பி. ஏறியிருக்குன்னு மெடிக்கல்ல காமிச்சேன், சிப்ரோ குடுத்தாங்க. போட்டுக்கலாமா?”

புடைப்பு உள்ளவர்கள் போடக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் எல்லாம் ஃப்ளூரோகுயினலோன் என்ற ஒரே குடும்பம். பெருந்தமனிப் புடைப்பு உள்ளவர்களுக்கும் வரக்கூடியவர்களுக்கும் வேறு வழி இருக்கும்வரை இவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. சிறுநீர்க் கடுப்புக்கும் பேதிக்கும் நம் ஊரில் இவற்றைச் சர்வசாதாரணமாகக் கேட்டு வாங்குகிறோம். புடைப்பு இருப்பதை ஒரு சீட்டில் எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

“ஸ்டென்ட் வெச்சு மூணு நாள் ஆச்சு. 101 காய்ச்சல், சி.ஆர்.பி. கிடுகிடுன்னு ஏறிடுச்சு. கிருமி புகுந்திடுச்சா?”

வயிற்றுப் புடைப்புக்குத் தொடைவழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட் வைக்கும் முறையை 1990-ல் புவனோஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி தொடங்கிவைத்தார். அதன்பின் முதல் சில நாட்களில் காய்ச்சல், வெள்ளணு உயர்வு, சி.ஆர்.பி. உயர்வு மூன்றும் வந்து, கல்ச்சரில் எதுவும் வளராமல் தானே அடங்குவது பலருக்கு நடப்பது. ஸ்டென்ட் துணிக்கும் புடைப்புக்குள் புதிதாக உறையும் ரத்தத்துக்கும் உடல் காட்டும் எதிர்வினை அது. பாலியஸ்டர் துணியில் இது சற்று அதிகம். திறந்த அறுவையிலும் இரண்டு மூன்று நாளில் சி.ஆர்.பி. உச்சிக்குப் போய் இறங்கும்.

கவனிக்க வேண்டியது எண் போகும் திசை. இறங்க வேண்டிய நாளில் மறுபடி ஏறினால், அல்லது வீடு திரும்பிச் சில வாரமோ மாதமோ கழித்துக் காய்ச்சல், எடை குறைவு, இடுப்பு மடிப்பில் சீழ் என்று வந்தால், அது செயற்கைக் குழாயில் கிருமி பிடித்ததாக இருக்கலாம். உடனே போக வேண்டும்.

“சுகர் இருக்கறவங்களுக்கு இது வராதுன்னு சொல்றாங்களே, நெசமா?”

வராது என்றில்லை, குறைவு. இதயக் குழாய்க்கு இவ்வளவு கெடுதல் செய்யும் சர்க்கரை நோய், வயிற்றுப் புடைப்பு வருவதையும் வளர்வதையும் குறைப்பதாகவே திரும்பத் திரும்பத் தெரிகிறது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கு அதில் பங்கிருக்கலாம் என்று தனியாகச் சோதிக்கிறார்கள். சர்க்கரை இல்லாதவர் தானாக மெட்ஃபார்மின் வாங்கிப் போட வேண்டாம்.

“அண்ணனுக்கு நெஞ்சுப் பகுதியில புடைப்பு, மார்ஃபான்னு சொன்னாங்க. அவருக்கும் இதே டெஸ்ட்தானா?”

இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதியின் புடைப்பு பெரும்பாலும் வேறு கதை. மார்ஃபான் போன்ற மரபணுக் கோளாறு, பிறவியிலேயே இரண்டு இதழோடு அமைந்த வால்வு ஆகியவை அங்கே முக்கியக் காரணங்கள். அழற்சி எண்கள் அதிகம் உதவாது. எக்கோவும் சி.டி.யும் குடும்பத்தாரைப் பரிசோதிப்பதும்தான் வழி. தக்கயாசு, வயதானவர்களுக்கு வரும் ராட்சதச் செல் தமனி அழற்சி, சிஃபிலிஸ் ஆகியவை இருக்கிறதா என்று பார்க்க மட்டும் ரத்தம் கேட்பார்கள்.

“திடீர்னு வலி வந்தா முதல்ல உங்க லேபுக்கு வந்து ரத்தம் குடுத்துட்டுப் போகட்டுமா?”

வேண்டவே வேண்டாம். புடைப்பு உள்ளவருக்கு வயிற்றிலோ முதுகிலோ விலாவிலோ திடீரெனக் கடும் வலி, தலைசுற்றல், வியர்த்துக்கொட்டி மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். ரத்தக்குழாய் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அந்த நேரத்தில் சி.ஆர்.பி. என்ன சொன்னாலும் பயனில்லை. வெடித்த முதல் மணி நேரத்தில் அது ஏறியிருக்கவே ஏறியிருக்காது. கையில் எடுத்துப் போக வேண்டியது கடைசி ஸ்கேன் அறிக்கை. அதை இன்றைக்கே தேடி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.